முயிரி மரம்: இலையில் அடையாளம், விதையில் அவசரம், பட்டையில் நிதானம்

கென்யாவில் கெரிச்சோ பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "தோட்டத்தை ஒட்டிய காட்டோரத்தில் நிற்கும் ஒரு பெரிய மரத்தை முயிரி என்கிறார்கள். இதன் பட்டையிலிருந்துதான் பைஜியம் மாத்திரை செய்கிறார்களாமே? இது அந்த மரம்தான் என்று எப்படி உறுதி செய்வது? பழம் பொறுக்கி, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, பாட்டிலில் போட்டு இரண்டு மாதம் கழித்து விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. மரத்தின் ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு யாரோ பட்டையை உரித்திருக்கிறார்கள். மரம் பிழைக்குமா?"

முதலில் பெயர். முயிரி என்பது கிக்குயு மக்கள் சொல்வது. உங்கள் பகுதி கிப்சிகிஸ் மக்களிடம் கேட்டால் தெண்டுவெத் என்பார்கள். தாவரவியல் பெயர் ப்ரூனஸ் ஆஃப்ரிக்கானா. ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிளம், பீச், பாதாம் எல்லாம் இதே பேரினம். அவை பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்கள், இலையுதிர்ப்பவை. முயிரி ஆப்பிரிக்க மலைக்காட்டு மரம், ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்பது. 1860-களில் ஜோசப் ஹூக்கர் இதை விவரித்தபோது வைத்த பெயர் பைஜியம் ஆஃப்ரிக்கானம். 1965-ல் கால்க்மன் என்ற நெதர்லாந்துத் தாவரவியலாளர் பைஜியத்தைத் தனிப் பேரினமாக வைக்கத் தேவையில்லை என்று ப்ரூனஸுக்குள் சேர்த்துவிட்டார். புராஸ்டேட் வீக்கத்துக்காக இந்தப் பட்டையிலிருந்து செய்யும் மாத்திரையின் டப்பாவில் மட்டும் பழைய பெயர் தங்கிவிட்டது. இந்தப் பைஜியம் என்ற பெயர் பிறந்ததே நம் பக்கத்தில்தான்: 1788-ல் கேர்ட்னர் இலங்கையிலிருந்து வந்த ஒரு பழத்தைப் பார்த்து இந்தப் பேரினத்தை அமைத்தார். குறுக்கே அகன்று, நடுவில் மடிப்பு விழுந்து, இரண்டு பாதியாகத் தெரியும் பழம் அது; கிரேக்கத்தில் பிட்டத்தைக் குறிக்கும் சொல்லை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார். முயிரிப் பழமும் அதே வடிவம்தான்.

இனி அடையாளம். இலையிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் பூவும் பழமும் எப்போதும் இருக்காது. இலை தனி இலை, கிளையில் மாறி மாறி அமையும். நீளம் 5 முதல் 15 சென்டிமீட்டர், அகலம் 2 முதல் 5 சென்டிமீட்டர் சொச்சம். நடுவில் அகன்று நுனி கூர்ந்திருக்கும். தோல்போலத் தடிப்பு, மேல்பக்கம் பளபளக்கும் கரும்பச்சை, அடிப்பக்கம் வெளிறிய மங்கல் பச்சை. நடுநரம்பு மேலே பள்ளமாகவும் கீழே புடைத்தும் இருக்கும். இலைக்காம்பு சுமார் 2 சென்டிமீட்டர், இளஞ்சிவப்பு. அந்தச் சிவப்பு நடுநரம்பின் அடிப்பகுதிக்குள்ளும் கொஞ்ச தூரம் ஏறியிருக்கும்.

இப்போது இலையின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். கூர்மையில்லாத, மழுங்கிய, ஆழமற்ற பற்கள் வரிசையாகத் தட்டுப்படும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். பிறகு இலையைத் திருப்பி, காம்பும் இலைப்பரப்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சிறு புள்ளி போன்ற சுரப்பிகள் இருக்கலாம். எல்லா இலையிலும் இருக்காது என்பதால் நாலைந்து இலை பாருங்கள். கடைசியாக, இளம் இலை ஒன்றை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கிச் சில நொடி கழித்து முகருங்கள். கசப்புப் பாதாம் வாடை வந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த வாடைக்குக் காரணம் தெரிந்திருப்பது நல்லது. இலையிலும் பட்டையிலும் விதையிலும் சர்க்கரையோடு பிணைந்த சயனைடுச் சேர்மம் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி வேறோர் அறையில் ஒதுங்கியிருக்கிறது. கசக்கும்போது இரண்டும் கலக்கின்றன. பென்சால்டிஹைடு வெளிவருகிறது, அதுதான் பாதாம் வாடை. கூடவே ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். முகர்ந்து பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் இலையை மென்று பார்க்காதீர்கள், விதையைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், ஒடிந்து வாடிய கிளைகளை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

மரத்தின் உருவம் இடத்தைப் பொறுத்து மாறும். திறந்த வெளியில் 10 முதல் 25 மீட்டர், தழை அகன்று உருண்டிருக்கும். அடர்ந்த காட்டுக்குள் ஒளி தேடி 40 மீட்டர் வரைகூடப் போகும். தண்டு நேராக, உருளையாக, கிளையில்லாமல் வெகுதூரம் ஏறும். விட்டம் ஒரு மீட்டரை எட்டும். மிகப் பெரிய மரங்களில் அடியில் பலகை வேர் காணலாம். முற்றிய பட்டை கறுத்த பழுப்பு. குறுக்கும் நெடுக்கும் வெடித்து நீள்சதுரச் செதில்களாக இருக்கும், தூரத்திலிருந்து பார்த்தால் முதலைத் தோல் போல. எத்தியோப்பியாவில் அம்ஹாரிக் மொழியில் இதைக் கறுப்பு மரம் என்று பொருள்படும் பெயரால் அழைப்பது இந்த நிறத்துக்காகத்தான் இருக்கவேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் சிவப்பு நாற்ற மரம் என்கிறார்கள்: வெட்டும்போது மரத்திலிருந்து சயனைடு வாடை வரும், உள்மரம் சிவந்திருக்கும்.

இந்த 'நாற்ற மரம்' என்ற பெயரை வைத்து அடையாளம் காணப் போனால் ஏமாறுவீர்கள். தென்னாப்பிரிக்காவில் வெறுமனே நாற்ற மரம் என்றால் அது ஒக்கோட்டியா புல்லாட்டா, இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பம். வெள்ளை நாற்ற மரம் என்றால் செல்டிஸ் ஆஃப்ரிக்கானா. அது இலையுதிர்க்கும், இலையடியிலிருந்தே மூன்று நரம்பு கிளம்பும். மூன்றுக்கும் வாடையைத் தவிர உறவில்லை.

உங்கள் மலை உயரத்தில் உண்மையாகக் குழப்பக்கூடியது ரபானியா மெலனோஃப்ளோயஸ். அதற்கும் காம்பு சிவப்பு, இலை தடிப்பு, பச்சை மாறாதது. ஆனால் அதன் இலை ஓரம் வழவழவென்று பல்லில்லாமல் இருக்கும். இலைகள் கிளை நுனியில் கூடி நிற்கும். பூவும் காயும் இலை உதிர்ந்த பழைய கிளைப் பகுதியில் ஒட்டிக்கொண்டு வரும். கசக்கினால் பாதாம் வாடை வராது. நாவல் இன மரங்களும் அந்தப் பக்கம் உண்டு. அவற்றில் இலைகள் எதிரெதிராக இருக்கும், ஒரே பார்வையில் ஒதுக்கிவிடலாம். மாறி மாறி அமைந்த இலை, பற்கள் கொண்ட ஓரம், சிவந்த காம்பு, பாதாம் வாடை: நான்கும் சேர்ந்து இருந்தால் முயிரிதான். ஒன்று குறைந்தால் பழம் வரும்வரை பொறுங்கள்.

பூ மிகச் சிறியது, வெள்ளை அல்லது வெண்பச்சை, மணமுள்ளது. இலைக்கக்கத்திலிருந்து 3 முதல் 8 சென்டிமீட்டர் நீளப் பூங்கொத்தாக வரும். புல்லி ஐந்து, அல்லி ஐந்து, மகரந்தத் தாள்கள் பத்துக்கு மேல். பூச்சிகள்தான் மகரந்தம் கடத்துகின்றன. தேனீ வளர்ப்பவர்களுக்கு இது பிடித்த மரம். பூத்த நான்கு முதல் ஆறு மாதத்தில் பழம் முற்றும். பழம் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம், நீளம் அதைவிடக் குறைவு. பச்சையிலிருந்து சிவந்து, கருஞ்சிவப்பாகி, ஊதா கலந்த பழுப்புக்கு வரும். மேலே மெல்லிய சதை, கசப்பு; உள்ளே மாங்கொட்டை போல ஓடு, அதற்குள் விதை. துராக்கோ, காட்டுப்புறா, கொண்டைக்குருவி போன்ற பறவைகளும் குரங்குகளும் தின்று பரப்புகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவு காய்க்காது. ஓராண்டு கொட்டினால் அடுத்த ஓரிரு ஆண்டு பெயருக்குத்தான் இருக்கும். அந்த நல்ல ஆண்டைத் தவறவிட்டால் நாற்றங்கால் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்த மரம் எங்கெல்லாம் இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்தால் கண்டம் முழுக்கத் தீவுத் தீவாகத் தெரியும். மேற்கே கேமரூன் மலை, பியோகோ, சாவோ தோமே. கிழக்கே எத்தியோப்பியாவிலிருந்து கென்யா, தான்சானியா வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை. கடல் தாண்டி கொமொரோஸ், மடகாஸ்கர். சுமார் 900 முதல் 3,400 மீட்டர் உயரம்தான் அதன் வீடு. தெற்கே போகப் போக இன்னும் தாழ்வாகவும் இறங்கும். இடையில் உள்ள வெப்பத் தாழ்நிலத்தில் கிடையாது. ஆனாலும் கேமரூன் மரங்களின் மரபணு, மேற்கு உகாண்டா மரங்களோடு நெருங்கி நிற்கிறது. குளிர்ந்த காலங்களில் மலைக்காடு கீழே இறங்கி, கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாதையாக இருந்திருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்கள் முடிவு. நாற்று வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது: உங்கள் மலைக்கு உங்கள் மலை விதையே நல்லது. எங்கிருந்தோ வந்த விதையை நட்டால் அங்கே தழைத்த குணம் இங்கே தழைக்கவேண்டும் என்றில்லை.

ஒளி விஷயத்தில் முயிரி இரண்டுங்கெட்டான். நிழலில் முளைக்கும், ஆனால் நிழலிலேயே மரமாகாது. பெரிய மரம் விழுந்து வானம் திறந்த இடத்திலும் காட்டோரத்திலும்தான் கன்று மேலெழும்பும். மூடிய காட்டுக்குள் தாய்மரத்தடியில் சாண் உயரக் கன்றுகள் நூற்றுக்கணக்கில் நிற்கும், ஆள் உயரக் கன்று ஒன்றுகூட இருக்காது. அதைப் பார்த்து 'இங்கே மறுபிறப்பு நன்றாக நடக்கிறது' என்று கணக்கெழுதுவது பெரிய பிழை.

இப்போது உங்கள் விதைக்கு வருவோம். விதையில் கோளாறில்லை; வெயிலும் பாட்டிலும்தான் கொன்றிருக்கின்றன. நெல்லும் உளுந்தும் காயக் காயத் தூங்கும் விதைகள். முயிரி விதை அப்படித் தூங்காது, ஈரம் போனால் உயிர் போய்விடும். கொட்டை ஓடு கெட்டியாக இருப்பதால் உள்ளே பத்திரமாக இருக்கும் என்று தோன்றும். ஓடு நசுங்காமல் காக்குமே தவிர ஈரத்தைப் பிடித்து வைக்காது. ஒரு வார வெயிலிலேயே பெரும்பாலானவை முடிந்திருக்கும். மிச்சத்தை இரண்டு மாதம் முடித்திருக்கும். சந்தேகமிருந்தால் மீதிக் கொட்டையில் பத்தை உடைத்துப் பாருங்கள். பருப்பு சுருங்கி, பழுத்த மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் விதைத்துப் பயனில்லை. உயிருள்ள பருப்பு வெள்ளையாக, ஓடு நிறையக் கொழுகொழுவென்று இருக்கும்.

அடுத்த முறை செய்யவேண்டியது இது. பச்சைக் காயைப் பறிக்காதீர்கள். ஊதா கலந்த பழுப்பு நிறத்துக்கு வந்ததை மட்டும் எடுங்கள். மரத்தடியில் துணி விரித்துக் கிளையை உலுக்குவது நல்லது. தரையில் கிடந்து நாளானதைப் பூச்சியும் எலியும் முந்திக்கொண்டிருக்கும். அன்றைக்கோ மறுநாளோ தண்ணீரில் போட்டுச் சதையைத் தேய்த்துக் கழற்றுங்கள். பழத்தைச் சாக்கில் கட்டி வைத்தால் புளித்துச் சூடேறும், அதிலும் விதை சாகும். கழுவிய கொட்டையை நிழலில், மேல்தண்ணீர் போகும்வரை மட்டும் உலர்த்துங்கள். ஒரு கிலோவில் 3,400 முதல் 6,000 கொட்டை இருக்கும், ஆகவே அரைக் கிலோவே தாராளம். சில நாட்களுக்குள் ஈர மணலிலோ பழைய மரத்தூளிலோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். மேலே நிழல்வலை. பாத்தி காயவும் கூடாது, தேங்கவும் கூடாது. எலிக்குக் கம்பி வலை போடாவிட்டால் ஒரே இரவில் பாத்தி காலி. புது விதை என்றால் ஒன்று முதல் ஒன்றரை மாதத்தில் பாதிக்கு மேல் முளைக்கும். உடனே விதைக்க முடியாமல் போனால் ஈர மரத்தூளில் கலந்து குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அதுவும் சில வாரங்களுக்குத்தான், உறையும் குளிருக்குப் போகக்கூடாது.

இரண்டு நான்கு இலை வந்ததும் பைக்கு மாற்றுங்கள். முதல் மாதங்களில் பாதி நிழல். பிறகு படிப்படியாக வெயிலுக்குப் பழக்குங்கள். ஆறு முதல் ஒன்பது மாதத்தில் நடத் தயாராகும். பை நாற்றின் வேர் கீழே சுருண்டுகொண்டால் நட்ட பிறகு வருடக்கணக்கில் திணறும், ஆகையால் அதிக நாள் பையில் விடாதீர்கள். விதையே கிடைக்காத ஆண்டில் இன்னொரு வழி: காட்டிலாகா அனுமதியோடு, தாய்மரத்தடியில் ஒளியில்லாமல் எப்படியும் சாகப்போகும் அந்தச் சாண் உயரக் கன்றுகளை மழைக்காலத்தில் மண்ணோடு பெயர்த்து, இலையைப் பாதியாக நறுக்கிவிட்டு, நிழல் பந்தலில் தேற்றி எடுக்கலாம். இலையுள்ள இளந்தண்டை வேர்விடும் ஊக்கியில் நனைத்து ஈரப் பெட்டியில் வேர்விடச் செய்வதும் கேமரூனில் வெற்றிகரமாக நடந்திருக்கிறது.

இனி பட்டை. பட்டை என்று நாம் சொல்வதன் உள்பகுதியில்தான் இலை செய்த சர்க்கரை வேருக்கு இறங்குகிறது. அதற்கும் மரத்துக்கும் நடுவே கேம்பியம் என்ற வழவழப்பான மெல்லிய வளர்படலம். புதுப் பட்டையும் புது மரமும் அதிலிருந்துதான் பிறக்கின்றன. சுற்றிலும் வளையமாக உரித்துவிட்டால் வேருக்குச் சாப்பாடு நின்றுவிடும். ஆனால் தண்ணீர் மரத்தின் வழியே மேலே போய்க்கொண்டிருப்பதால் இலை பல மாதம் பச்சையாகவே நிற்கும். 'பார், ஒன்றும் ஆகவில்லை' என்று உரித்தவர் அடுத்த மரத்துக்குப் போவது இதனால்தான். வேரின் சேமிப்பு தீர்ந்ததும் தழை உச்சியிலிருந்து காயத் தொடங்கும். அப்போது எதுவும் செய்ய முடியாது.

முயிரிக்கு ஓர் அருமையான குணம் உண்டு. பட்டையை மட்டும் அலுங்காமல் பிரித்து, அடியில் உள்ள ஈரமான பரப்பைத் தொடாமல் விட்டால், அந்தப் பரப்பில் இருக்கும் இளம் செல்கள் பிரிந்து பெருகிப் புதுப் பட்டையை உண்டாக்கும். கத்தி மரத்துக்குள் இறங்கிய இடத்தில் இது நடக்காது. அங்கே விளிம்பிலிருந்து மட்டும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மூடிவர வேண்டும். அதற்குள் துளைப்பான் வண்டும் பூஞ்சையும் புகுந்துவிடும்.

இந்தக் குணத்தை நம்பித்தான் கேமரூனில் கால்பங்கு முறை வந்தது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடா பிடித்து அளக்க வேண்டும். விட்டம் 30 சென்டிமீட்டருக்குக் கீழே, அதாவது சுற்றளவு 94 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தொடக்கூடாது. சுற்றளவு 120 என்றால் நான்கு 30 சென்டிமீட்டர் பட்டிகளாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டை மட்டும் எடுப்பார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் விட்டு, முதல் பெருங்கிளை வரை. ஓரக்கோட்டைப் பட்டையின் தடிமன் அளவுக்கு மட்டும் கீறி, மரக்குச்சியால் நெம்பிப் பிரிக்க வேண்டும். கத்தியால் செதுக்கினால் கெட்டது. மழை ஓய்ந்த உலர்காலத்தில் செய்தால் திறந்த பரப்பு காய்ந்து வெடிக்கும், பட்டை வளராது. மிச்சமுள்ள இரண்டு பட்டியை நான்கைந்து ஆண்டு கழித்து எடுக்கலாம் என்று முதலில் வகுத்தார்கள். அது போதாது என்பது பின்னால் தெரிந்தது. உயரம், மண், மரத்தின் வயது பார்த்து ஏழெட்டு ஆண்டோ அதற்கு மேலோ விடுவதே சரி. பட்டை மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கக்கூடாது, பழைய தடிமனுக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முறை இருந்தும் காடு அழிந்த கதை தனி. 1966-ல் ஜாக் டெபா என்பவர் இந்தப் பட்டைச் சாற்றுக்குக் காப்புரிமை எடுத்தார். வயதான ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்து. 1970-களிலிருந்து கேமரூனில் வணிக அளவில் பட்டை எடுப்பு நடந்தது. கிலோவுக்குக் காசு என்று ஆனதும் சில இடங்களில் முழுத் தண்டையும் உரித்தார்கள்; மடகாஸ்கரில் மரத்தையே வெட்டிச் சாய்த்து உரித்தார்கள். முறையாக எடுத்தால் ஒரு மரத்தில் ஐம்பது கிலோ சொச்சம் பச்சைப் பட்டைதான் கிடைக்கும், காய்ந்தால் அதில் பாதி. அந்தப் பாதிக்காக ஒரு முதிர்ந்த மரம் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1995 முதல் இது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதியின்றி நாடு விட்டு நாடு கொண்டுபோகக்கூடாது. 2007-ல் ஐரோப்பிய ஒன்றியம் கேமரூன் பட்டை இறக்குமதியையே நிறுத்தி வைத்தது.

மருந்து உண்மையா என்றால், ஓரளவு. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2002-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 1,562 ஆண்கள் கலந்துகொண்ட 18 சோதனைகளைப் பார்த்தது. சிறுநீர் ஓட்டத்திலும் இரவில் எழும் தொல்லையிலும் மிதமான முன்னேற்றம் தெரிந்தது. சோதனைகள் சிறியவை, குறுகிய காலத்தவை என்ற குறையையும் சொன்னது. வீட்டில் பட்டையைக் காய்ச்சிக் குடிப்பது இதோடு ஒப்பிடக்கூடியதல்ல. மாத்திரையில் இருப்பது கரைப்பானில் பிரித்தெடுத்து அளவு செய்த கொழுப்புச் சாறு; தண்ணீரில் அது சரியாக இறங்காது.

கடைசியாக உங்கள் மரம். நாடா எடுத்துக்கொண்டு போய், உரித்த அகலத்தையும் மொத்தச் சுற்றளவையும் அளங்கள். வேரிலிருந்து கிளை வரை அறுபடாமல் பட்டை ஓடும் பக்கம் சுற்றளவில் பாதிக்கு மேல் இருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. கால்பங்குக்குக் கீழே என்றால் உச்சி காய்வதை எதிர்பாருங்கள். காயத்தின் நடுவே சுரண்டாமல், விரல் நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள்: புது மேல்தோல் கட்டியிருந்தால் ஒலி மந்தமாக இருக்கும், பரப்பு சொரசொரப்பாகப் பழுப்பேறியிருக்கும். மரம் வெளிறி, காய்ந்து, கோடு கோடாக வெடித்திருந்தால் அங்கே இனி விளிம்பிலிருந்து மட்டுமே மூடும். தார், பெயின்ட், சாணி எதையும் பூசாதீர்கள். சிறு துளையும் அதன் கீழே மரத்தூளும் தெரிந்தால் வண்டு புகுந்துவிட்டது என்று பொருள். காட்டிலாகா அலுவலரிடம் சொல்லுங்கள். அப்படியே அடுத்த பெருங்காய்ப்புக்கு அந்த மரத்தைக் குறித்து வையுங்கள். தழை காய ஆரம்பித்த மரம்கூடச் சில சமயம் நிறையக் காய்த்துவிட்டுப் போகும், அந்த விதை வெயிலைப் பார்க்காமல் நேரே ஈர மணலுக்கு வரட்டும்.